ஆய்வாளருக்கு என்ன சம்பளம் கொடுக்கலாம்?

அமைச்சருக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்று நம் வட்டாரத்தில் நிறையவே யோசித்திருக்கிறார்கள். 1994இல் சிங்கப்பூர் அரசாங்கம் இதற்கென்றே ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. திறமையும் நேர்மையும் உள்ள அரசாங்கம் வேண்டுமென்றால் தனியாரோடு போட்டி போடக்கூடிய சம்பளம் வேண்டும் என்பது அதன் சாரம். வங்கியாளர், வழக்கறிஞர், பொறியாளர் என்று உச்சத்தில் இருப்பவர்களின் வருமானம் அளவுகோலானது. காப்பிக் கடைகளில் இன்றைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை. "அவ்வளவு கொடுத்தாத்தான் நேர்மையா இருப்பாங்களா?" என்று ஒருவர் கேட்பார். "கொடுக்கலேன்னா கெட்டிக்காரன் எவன் வருவான்?" என்பார் இன்னொருவர்.

அதே 1994, பிப்ரவரி 25ஆம் தேதி மலேசியாவில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1991 மே 7ஆம் தேதி, சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் செத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். இப்படியொரு சட்டம் தேவை என்ற பேச்சு வலுத்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். சரி, சட்டம் வந்துவிட்டது. அது நடப்பில் இருக்கிறதா என்று தொழிற்சாலைக்குள் போய்ப் பார்க்கவேண்டிய மனிதருக்கு என்ன சம்பளம்? அவரை எங்கிருந்து எடுக்கிறோம்? இதைப் பற்றி எந்தக் காப்பிக் கடையிலும் யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

ஏன் கேட்டதில்லை என்பது எளிதாகப் புரியக்கூடியதுதான். தீயணைப்பு வீரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் நமக்குத் தெரிகிறது. காப்பாற்றப்பட்டவருக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, நன்றி சொல்ல வாய் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சாரத்தைப் பார்த்து, "இதைச் சரிசெய்யும்வரை யாரும் ஏறக்கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். மறுநாள் அதிலிருந்து விழுந்திருக்கக்கூடிய ஆள் விழவில்லை. விழாத அந்த ஆளுக்குத் தான் தப்பித்தது தெரியாது. முதலாளிக்கு மூன்று நாள் வேலை நின்றுபோனது மட்டும் தெரியும். அந்த ஆய்வாளரின் வேலை நன்றாக நடந்ததற்குச் சாட்சி யாரும் கிடையாது. மோசமாக நடந்தால்தான் சாட்சி, அதுவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையாக.

சாட்சி இல்லாத வேலைக்கு எப்படிச் சம்பளம் நிர்ணயிப்பது? நிதியமைச்சுக்குரிய கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இது அறம் சார்ந்த கேள்வி என்றே நினைக்கிறேன்.

*

முதலில் ஒரு பழைய பதிலைப் பார்ப்போம். நல்ல மனிதனுக்குச் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை, மனசாட்சி உள்ளவன் கஞ்சி குடித்தாவது நேர்மையாக இருப்பான் என்பது அந்தப் பதில். நம்மவர்களுக்கு இதில் ஒரு மயக்கம் உண்டு. கஷ்டப்படும் நேர்மையாளரைத்தான் மேடையில் ஏற்றி மாலை போடுவோம்.

பிரிட்டன் இந்தப் பதிலை ஒருமுறை சட்டமாகவே எழுதிப் பார்த்தது. 1802இல் பஞ்சாலைகளில் வேலை செய்த ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. ஆலைகளைப் போய்ப் பார்க்க உள்ளூர் நீதிபதிகள் இரண்டு பேரை நியமிப்பார்கள். ஒருவர் மாஜிஸ்ட்ரேட், இன்னொருவர் பாதிரியார். சம்பளம் கிடையாது. கடவுளுக்கும் சட்டத்துக்கும் பயந்தவர்கள், ஊரில் மரியாதை உள்ளவர்கள், இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பல ஊர்களில் யாரும் ஆலைப் பக்கமே போகவில்லை. போனவரும் ஆலை முதலாளியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். சட்டம் காகிதத்தோடு நின்றது.

1833இல்தான் சம்பளம் வாங்கும் அரசாங்க ஆய்வாளர்கள் வந்தார்கள். நாட்டுக்கே நான்கு பேர். பார்க்கவேண்டிய நெசவாலைகளோ ஏறக்குறைய 3,000. ஆளுக்கு ஆண்டுச் சம்பளம் 1,000 பவுண்டு. நூற்பாளர் ஒருவர் வாரத்துக்கு ஒரு பவுண்டைச் சுற்றிக் கூலி வாங்கிய காலம் அது. அவர்களுக்குக் கீழே இருந்த மேற்பார்வையாளர்களுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. அதோடு, முதலாளி சம்மதிக்காமல் இயந்திரங்கள் ஓடும் பகுதிக்குள் நுழைகிற உரிமையும் 1844வரை அவர்களுக்கு இல்லை. சம்பளமும் அதிகாரமும் அன்றைக்கே ஒன்றாகப் பயணம் செய்திருக்கின்றன.

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தொகை அல்ல. நல்லெண்ணத்தை நம்புவதை ஒரு அரசு நிறுத்திக்கொண்ட தருணம் அது. "நீ நல்லவனாக இரு" என்று சொல்வதற்குப் பதிலாக, "நீ நல்லவனாக இருப்பதற்கு ஆகும் செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்று முதல்முறையாகச் சொன்னார்கள். நேர்மைக்கு நிஜமாகவே செலவு உண்டு. விருந்துக்குப் போகமுடியாது. மச்சானுக்கு வேலை கேட்கமுடியாது. ஓய்வுபெற்ற பிறகு யாரும் ஆலோசகராகக் கூப்பிடமாட்டார்கள். சம்பளம் போதாத இடத்தில் அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? அரசாங்கம் கட்டுவதில்லை, நேர்மையாளரின் மனைவியும் பிள்ளைகளும்தான் கட்டுகிறார்கள். கஞ்சி குடிக்கும் நேர்மையாளரைப் பாராட்டும்போது, அந்தக் கஞ்சியை யாரெல்லாம் சேர்ந்து குடிக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

*

அப்படியானால் நிறையக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

1,000 பவுண்டு வாங்கியவர்களில் ஒருவர் லெனார்ட் ஹார்னர். எடின்பரோவில் ஒரு லினன் வணிகரின் மகன், புவியியல் அறிஞர், லண்டன் பல்கலைக்கழகத்தின் முதல் வார்டன். 1833 முதல் 1859வரை ஆய்வாளராக இருந்தார். இயந்திரங்களுக்குத் தடுப்பு போடவேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றதால், 1855இல் முதலாளிகள் அதை எதிர்ப்பதற்காக ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கத்தைச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார். 'மூலதனம்' எழுதிய மார்க்ஸ் ஹார்னரின் அறிக்கைகளை ஆதாரமாக எடுத்தாண்டதோடு அவரை மனதாரப் பாராட்டவும் செய்தார். நல்ல சம்பளம், சுதந்திரமான மனிதர், பயமில்லாத பேனா. சம்பளக் கட்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் ஹார்னர் மாதிரி எல்லோரும் இல்லை. அந்தச் சம்பளத்துக்கு எடுக்கப்பட்டவர்கள் கனவான்கள். முதலாளியின் பேச்சு அவர்களுக்குப் புரியும். தொழிலாளியின் பேச்சைக் கேட்க இறங்கி வரவேண்டும். எல்லோரும் இறங்கி வரமாட்டார்கள்.

இது நம் பாட்டன்மார் நன்றாகவே அறிந்த விஷயம். மலாயா தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் நிலைமையைப் பார்க்கத் தொழிலாளர் இலாகா அதிகாரிகள் வருவார்கள். மலாயன் சிவில் சர்வீஸைச் சேர்ந்த அந்த வெள்ளைக்காரர்களில் பலரைத் தமிழ் கற்றுவர மதராஸுக்கு அனுப்பிவைத்தார்கள். ஆக, சம்பளம் இருந்தது, அதிகாரம் இருந்தது, தமிழ்கூட இருந்தது. பிறகென்ன குறை? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். "லேபர் ஐயா வருவாரு. லயத்தைப் பார்ப்பாரு. தண்ணிக் குழாயைத் திறந்து பார்ப்பாரு. ஏதாச்சும் குறை இருக்கான்னு தமிழ்லயே கேப்பாரு. பக்கத்துல தொர நிக்கிறாரு, கிராணி நிக்கிறாரு. என்னத்தச் சொல்றது? சாயந்திரம் அவரு காடி தொர பங்களா முன்னாலதான நிக்கும்?"

அந்த அதிகாரி ஒரு காசு லஞ்சம் வாங்கியிருக்கமாட்டார். பங்களாவில் ஒரு கிளாஸ் விஸ்கி குடித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த வாசலில் நின்ற கார் போதுமானதாக இருந்தது.

இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் என்று இன்னொருவரும் கோலாலம்பூரில் இருந்தார். அவருக்குச் சம்பளம் இந்தியாவிலிருந்து வந்தது. தோட்டங்களைப் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஒருவரிடம் அதிகாரம் இருந்தது, காது இல்லை. காது வைத்துக் கேட்கக்கூடிய இன்னொருவரிடம் அதிகாரம் இல்லை.

சம்பளம் ஆய்வாளரின் வாயைத் திறக்க உதவும். அவர் காது திறக்குமா என்பது நாம் யாரை அந்த வேலைக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். நாம் பெரும்பாலும் முதல் கேள்வியை மட்டும், அதையும் அமைச்சர்களுக்காக மட்டும், கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

காது திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு. 1881இல் பிரிட்டனில் தச்சர் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜே. டி. பிரையர் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். தொழிலாளர்களின் பக்கத்திலிருந்தும் ஆய்வாளர் வரலாம் என்று ஆனது. 1893இல் முதல் பெண் ஆய்வாளர்களாக மே ஆபிரகாமும் மேரி பேட்டர்சனும் வந்தார்கள். ஆண்டுச் சம்பளம் 200 பவுண்டு. அறுபது ஆண்டுக்கு முன்பு அந்த நான்கு கனவான்களுக்குக் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு.

அவர்களைப் பின்தொடர்ந்து வந்தவர்களில் ஒருவர் லூசி டீன். ஆஸ்பெஸ்டாஸ் தூசு தொழிலாளர்களுக்குக் கேடு விளைவிக்கிறது என்று 1898ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவைத்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் துகள்கள் கண்ணாடிச் சில்லுகளைப் போலக் கூராக இருப்பதையும் பதிவு செய்தார். பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடைசெய்தது 1999இல். நடுவில் 101 ஆண்டுகள்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. புதிய ஆட்களை உள்ளே விட்டதால், அதுவரை பார்க்கப்படாத ஒன்று பார்க்கப்பட்டது. ஆனால் பார்த்தவரின் சொல்லுக்கு எடை இல்லாதபோது பார்த்ததால் மட்டும் யாரும் பிழைக்கவில்லை.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். தோட்டங்களில் பாராகுவாட் களைக்கொல்லி தெளித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மூக்கில் ரத்தம், நகம் கருத்து விழுவது, தோல் புண் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் தெனகனித்தா போன்ற அமைப்பினர். 2002இல் மலேசியா பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. மறுபடி தடை முழுமையாக வந்தது 2020 ஜனவரியில். கேட்கக் காது இருந்தவர்கள் அரசாங்கத்துக்கு வெளியே இருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

இன்றைக்கு அந்தக் காட்டிலும் கட்டுமானத் தளத்திலும் நிற்பவர்கள் வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியர், மியன்மார்க்காரர். தொழிற்சாலையில் வேலை செய்யும் என் உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான்: "ஆபீசர் வராருன்னா எப்படியோ மொத நாளே தெரிஞ்சிடும்ணே. அன்னிக்கு மட்டும் புது கையுறை வரும். அவரு வந்து, 'செமுவா ஓகே?'ன்னு கேப்பாரு. பக்கத்துல சூப்பர்வைசர். எல்லாரும் 'ஓகே'ன்னு தலையாட்டுவோம். வங்காளி பசங்களுக்கு அவரு கேட்டதே புரிஞ்சிருக்காது, அவங்களும் ஆட்டுவாங்க."

நூறு ஆண்டுக்கு முன்பு லயத்தில் நடந்ததுதான் இது. துரைக்குப் பதில் சூப்பர்வைசர். அன்றைக்கு அதிகாரிக்கு மதராஸில் தமிழாவது சொல்லிக்கொடுத்தார்கள்.

*

இங்கே குறள் ஞாபகத்துக்கு வருகிறது. ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்துமுன் எப்படித் தேறவேண்டும் என்பதற்குத் 'தெரிந்துதெளிதல்' என்றொரு அதிகாரமே இருக்கிறது. அதன் தொடக்கத்தில் நான்கு சோதனைகள் வருகின்றன: அறம், பொருள், இன்பம், உயிரச்சம். நம் காலத்துச் சம்பள விவாதம் இந்த நான்கில் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கிறது. நிறையக் கொடுத்தால் பொருளுக்கு ஆசைப்படமாட்டார் என்ற கணக்கு. குறள் பேசுவது பொறுப்புக்கு வருபவர் தம் உயிருக்கு அஞ்சுவதை. ஆய்வாளர் விஷயத்தில் அதோடு இன்னொன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. அடுத்தவர் உயிருக்காக இவருக்கு அச்சம் வருமா? வேலைக்கான நேர்முகத் தேர்வில் இதை எப்படிச் சோதிப்பது? பட்டப்படிப்பை, மொழித் தேர்ச்சியைச் சோதிக்கலாம். இந்த அச்சம் பெரும்பாலும் ஒருமுறையாவது அந்தச் சாரத்தில் ஏறியவருக்கு அல்லது ஏறியவரின் பிள்ளைக்குத்தான் தானாக வருகிறது. மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். அதற்கு ஆட்கள் போதுமான அளவில் இருக்கவேண்டும்.

ஆள் எண்ணிக்கையும் சம்பளம் போலவே அறம் சார்ந்த விஷயம்தான். வளர்ந்த சந்தை நாடுகளில் 10,000 தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளராவது வேண்டும் என்பது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் ஒரு குறியளவு. அமெரிக்காவில், அவர்களுடைய பாதுகாப்பு நிர்வாகமே சொல்லிக்கொள்ளும் கணக்குப்படி, ஏறக்குறைய 70,000 தொழிலாளருக்கு ஒருவர். இவ்வளவு பேரின் பாதுகாப்பை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, "நீ ஏன் அந்த வங்காளதேசிப் பையனோடு தனியாக உட்கார்ந்து பேசவில்லை?" என்று கேட்பது நியாயமில்லை.

*

லஞ்சத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது எதிர்பார்ப்பு. லஞ்சம் வாங்குகிறவருக்குத் தான் தப்பு செய்வது தெரியும். எதிர்பார்ப்பில் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. இளம் பொறியாளர் ஒருவர் அரசாங்க ஆய்வாளராகச் சேர்கிறார். கொதிகலன், பாரந்தூக்கி, ரசாயனம் என்று எல்லாவற்றையும் அரசாங்கச் செலவில் கற்றுக்கொள்கிறார். அவருக்குச் சம்பளம் அரசு ஊழியர்களுக்கான பொதுவான படிநிலையில்தான். 2024 டிசம்பரில் மலேசிய அரசு ஊழியர் சம்பளம் உயர்த்தப்பட்டபோது அவருக்கும் உயர்ந்திருக்கும். ஆனாலும் அதே அறிவுக்குப் பெரிய எண்ணெய் நிறுவனமோ கட்டுமான நிறுவனமோ கொடுக்கும் சம்பளம் வேறு. இன்று அவர் உள்ளே போய்ப் பார்க்கும் தொழிற்சாலை, ஐந்தாண்டு கழித்து அவர் விண்ணப்பம் போடப்போகும் தொழிற்சாலை. யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை, அவரும் எதுவும் கேட்பதில்லை. நோட்டீஸ் எழுதும்போது மட்டும் பேனா கொஞ்சம் மெதுவாக நகர்கிறது.

2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டத் திருத்தம் முதலாளிகளுக்கான அதிகபட்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனடி ஆபத்து இருந்தால் வேலையிடத்தைவிட்டு விலகிப்போகும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தது. வரவேற்கவேண்டிய மாற்றங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அபராதம் பத்து மடங்கு கூடும்போது ஆய்வாளரின் ஒரு கையெழுத்தின் விலையும் கூடுகிறது. கூடவே, குறிப்பிட்ட சில இயந்திரங்களைப் பரிசோதிக்கும் வேலையை உரிமம் பெற்ற தனியார் செய்யவும் அதே திருத்தம் வழிவிட்டது. அரசாங்க அதிகாரிகளின் சுமையைக் குறைக்க இது தேவைப்படலாம். ஆனால் தனியார் பரிசோதகரின் கட்டணத்தை இயந்திரத்தின் சொந்தக்காரர் கட்டும்போது, பரீட்சை எழுதும் மாணவரே விடைத்தாள் திருத்துபவருக்குச் சம்பளம் கொடுப்பது போன்ற நிலை வருகிறது. திருத்துபவர் யோக்கியராகவே இருக்கலாம். அடுத்த வருஷமும் தன்னைக் கூப்பிடுவார்களா என்ற நினைப்பு அந்த யோக்கியருக்கும் வரும்.

மலேசியா 1963இலும் சிங்கப்பூர் 1965இலும் ஏற்றுக்கொண்ட அனைத்துலகத் தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கை ஒன்று உண்டு. 1947இல் எழுதப்பட்டது. ஆய்வாளர்கள் அரசு ஊழியர்களாக இருக்கவேண்டும், ஆட்சி மாறினாலும் வெளியார் அழுத்தினாலும் ஆடாத வேலை நிலைமை அவர்களுக்கு இருக்கவேண்டும் என்கிறது அது. தகுதியை மட்டுமே பார்த்து எடுக்கவேண்டும், ஆண் பெண் இருவரையும் எடுக்கவேண்டும், முன்னறிவிப்பின்றி எந்த நேரமும் நுழைய அதிகாரம் வேண்டும், புகார் சொன்னவர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்றும் சொல்கிறது. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டதைத் திரும்ப எடுத்துப் படித்தால் போதும்.

*

என்னிடம் கேட்டால், ஆய்வாளரின் சம்பளத்தை நிர்ணயிக்க அவர் என்ன வேலை செய்கிறார் என்பதோடு எதையெல்லாம் மறுக்கவேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அவர் பார்க்கப்போகும் தொழிற்சாலையின் சம்பளத்துக்கு ஏங்காத அளவுக்காவது அது இருக்கட்டும். வேலையைவிட்டுப் போனால் சில காலம் தாம் ஆய்வு செய்த நிறுவனங்களில் சேரக்கூடாது என்ற நிபந்தனையும் சேரட்டும். அந்தச் சம்பளத்துக்கு வரும் ஆட்கள் பட்டத்தோடு மட்டும் வராமல், சாரம் கட்டியவர்களிடமிருந்தும் மருந்து அடித்தவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் வரட்டும். வங்காளமும் நேப்பாளமும் பேசத் தெரிவது இந்த வேலைக்குரிய தகுதியாக எண்ணப்படட்டும்.

"இதுக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறது?" என்று கேட்பீர்கள். நாம்தான். அந்த அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர்கள் நாம், அந்த ரயிலில் போகிறவர்கள் நாம். ஆய்வாளர்களுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து அவற்றைக் கொஞ்சம் மலிவாக வாங்கும்போது, மிச்சப் பணத்தை வேறொருவர் கட்டுகிறார். பெரும்பாலும் அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது, பல நேரம் பேசவும் மொழி கிடையாது.

அமைச்சர்களின் சம்பளத்தைப் பற்றித் தாராளமாகச் சண்டை போடுங்கள். அடுத்த பட்ஜெட்டின்போது கூடவே இதையும் கேளுங்கள்: எத்தனை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், எத்தனை இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, அவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சாரத்தில் நிற்பவரின் மொழி தெரியும்?